பீன்ஸ் டோஸ்ட்: கிள்ளவும் வேண்டாம், நறுக்கவும் வேண்டாம்

"மாமா, பீன்ஸ் கால் கிலோ வாங்கிவிட்டேன். பொடியாக நறுக்கவா, நீளமாகக் கிள்ளவா?"

ஓசூரில் மூன்று பேரோடு அறை எடுத்துத் தங்கி ஷிப்ட் வேலைக்குப் போகும் என் அக்கா மகன் போனில் கேட்டது இது. தினமும் இரவில் பரோட்டா தின்று வயிறு கெட்டுவிட்டது என்று புலம்பினான். பீன்ஸ் டோஸ்ட் செய்து சாப்பிடு மாப்பிள்ளை, அரை மணி நேர வேலைதான் என்று சொல்லியிருந்தேன். சொன்னதோடு சரி. எந்த பீன்ஸ் என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் பச்சை பீன்ஸ் வந்து இறங்கும் ஊரில் இருந்துகொண்டு, பீன்ஸ் என்றதும் வேறு எதை நினைப்பான்? இத்தனைக்கும் இரண்டும் ஒரே செடிதான். பிஞ்சாகப் பறித்தால் பொரியலுக்கான பீன்ஸ். கொடியிலேயே முற்றிக் காயவிட்டு உரித்தால் உள்ளே இருக்கும் கொட்டை. பிரிட்டனில் ரொட்டி மேல் கொட்டிச் சாப்பிடுவது அந்தக் கொட்டையின் சிறிய வெள்ளை வகையை, தக்காளிச் சாற்றில் ஊறிய நிலையில். அங்கே யாரும் அதை வீட்டில் வேகவைப்பதில்லை, டின்னைத் திறந்து சுடவைப்பதோடு சரி. விகன் நகருக்குப் பக்கத்தில் ஹெயின்ஸ் நிறுவனம் 1959இல் திறந்த ஆலை இந்த டின்களுக்கே பேர்போனது. 'பேக்டு பீன்ஸ்' என்று பெயரே தவிர, அதை யாரும் அடுப்புக்குள் வைத்துச் சுடுவதில்லை. கொட்டையையும் சாற்றையும் டின்னில் அடைத்து மூடி, டின்னோடு வேகவைத்துவிடுகிறார்கள்.

அந்த டின் ஓசூர் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கிடைக்கிறது. நான் ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். விலைக்கு ஏற்ற அளவும் இல்லை, இனிப்பும் நம் நாக்குக்கு அதிகம். நம்மிடம் இருக்கும் பயறையும் தக்காளியையும் வைத்து அதைவிட நன்றாகச் செய்யலாம். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் செய்பவர்கள் இரண்டு விஷயங்களில் ஏமாந்துபோவார்கள். ஒன்று நம் தண்ணீர், இன்னொன்று நம் புளிப்பு. இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால் மிச்சமெல்லாம் எளிது.

எந்தப் பயறு

முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது வெள்ளைக் காராமணி. எங்கள் பக்கம் தட்டைப்பயறு என்றாலும் கொடுப்பார்கள். அளவிலும் நிறத்திலும் டின்னில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட வரும், சீக்கிரம் ஊறும், சீக்கிரம் வேகும். இரண்டு பேருக்கு 150 கிராம் போதும். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் போக முடிந்தால் அங்கே வாங்குங்கள். கையில் அள்ளிப் பாருங்கள். பளபளப்பு இருக்க வேண்டும், தோலில் சுருக்கமும் துளையும் இருக்கக் கூடாது. எத்தனையோ காலம் மூட்டையில் கிடந்த பழைய பயறை எவ்வளவு ஊறவைத்தாலும் நடுவில் கல் மாதிரி நிற்கும்.

மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை வரும்போது காராமணியை மறந்துவிடுங்கள். கேழ்வரகுக் கொல்லையில் ஊடுபயிராகப் போட்ட அவரை காய்த்துத் தெருவெல்லாம் மணக்கும் காலம் அது. உரித்த பச்சைக் கொட்டைக்கு ஊறலே வேண்டாம். இரண்டு விசிலில் வெந்துவிடும். ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிய பிதுக்கம்பருப்பாகப் போட்டால் இன்னும் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆனால் உட்கார்ந்து பிதுக்க ஆள் வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவனிடம் அதைச் சொன்னால் அடிக்க வருவான்.

ராஜ்மாவும் போடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். சிவப்பு ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும், மிதமான சூட்டில் கிடந்தால் அழியாது. எனவே எட்டு மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் வைத்து ஐந்தாறு விசில் விட்டு, அதன் பிறகும் பத்து நிமிடம் சிறு தீயில் வைக்க வேண்டும். மின்சார அரிசிக் குக்கரை மட்டும் நம்பி ராஜ்மாவை வேகவைக்காதீர்கள்.

தண்ணீர்

நான் முதன்முதலில் இதைச் செய்த கதையைச் சொல்லியாக வேண்டும். நேரம் மிச்சம் என்று நினைத்து, ஊறிய பயறு, நறுக்கிய தக்காளி, கொஞ்சம் புளிக்கரைசல் எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு, போர்வெல் தண்ணீரை ஊற்றி மூடினேன். நான்கு விசிலில் திறந்தேன். வேகவில்லை. இன்னும் நான்கு. வேகவில்லை. பதினோராவது விசிலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, ஆட்டுக்கால் வேகிறதா?" என்று கேட்டார். கடைசியில் தக்காளி கரைந்து காணாமல் போயிருந்தது, பயறு மட்டும் பல்லில் தட்டியது. என் மனைவி ஒரு வாய் தின்றுவிட்டு, "இதை ஊறவைத்து மறுபடியும் வேகவையுங்கள்" என்றாள்.

நடந்தது இதுதான். பயறின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை கரைந்தால்தான் பயறு மெத்தென்று ஆகும். கடினத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அந்தப் பசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். புளிப்பும் அதைக் கரையவிடாது. நான் இரண்டையும் சேர்த்து ஊற்றியிருந்தேன்.

'இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது' என்று எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு கிணற்றைப் பார்த்துச் சொன்னால், அது ஆய்வுக்கூடத்துச் சான்றிதழுக்குச் சமம். நம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு தொல்லை ஒருபுறம், உப்பும் கடினமும் மறுபுறம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிய பிறகு காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. அந்தத் தண்ணீரில் பயறு மெத்தென்று வேகிறது. குளிக்கப் போர்வெல், குடிக்கக் குழாய் என்று வைத்திருப்பவர்கள் பயறுக்குக் குடிக்கிற தண்ணீரையே எடுங்கள். ஊறவைக்கவும் அதுதான், வேகவைக்கவும் அதுதான். அறையில் தங்கியிருப்பவர்கள் கேன் தண்ணீரில் ஒரு லிட்டரை இதற்கு ஒதுக்கலாம். வேறு வழியே இல்லை, போர்வெல் தண்ணீர்தான் என்றால், அதைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவதை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை ஊற்றி எடுங்கள். அப்படியும் சந்தேகம் இருந்தால் சமையல் சோடா ஒரு சிட்டிகை, ஒரே ஒரு சிட்டிகை. அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை வரும், பயறும் கூழாகிவிடும்.

ஊறலும் வேகலும்

பயறைக் கழுவி, மூன்று பங்கு தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு ஊறவையுங்கள். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று என் அம்மா சொல்வார். புளியைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் சரி. உப்பு விஷயத்தில் மட்டும் அம்மாவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஊறும் தண்ணீரில் போடும் உப்பு தோலை இளக்குகிறது. உப்போடு ஒரு கிண்ணம், உப்பில்லாமல் ஒரு கிண்ணம் ஊறவைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

காராமணிக்கு ஐந்து மணி நேரம் போதும். இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஊறவைத்தால் திரும்பி வரும்போது தயாராக இருக்கும். சித்திரை வெயிலில் எட்டு, ஒன்பது மணி நேரம் அப்படியே கிடந்தால் நுரைத்துப் புளித்த வாடை வரும். பிரிட்ஜ் இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் கிளம்பும் நேரத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் பயறின் மேல் ஓர் அங்குலம் நிற்கும் அளவு புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு பூண்டுப் பல்லும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் சேர்த்து மூடுங்கள். எண்ணெய் நுரை பொங்கி விசில் துளையை அடைக்காமல் காக்கும். மூன்று விசில், பிறகு சிறு தீயில் ஐந்து நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு விசிலைத் தூக்கினால் பயறு தோல் வெடித்துச் சிதறிப் போகும்.

வெந்ததா என்று பார்க்க ஒரு வழி. ஒரு கரண்டியில் நாலைந்து பயறை எடுத்து வாயால் ஊதுங்கள். தோல் லேசாகச் சுருண்டு எழும்பினால் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பிறகு ஒன்றை நாக்குக்கும் மேல்வாய்க்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். பல் படாமலே மசிய வேண்டும். ஒன்றை வைத்து முடிவு செய்யாமல் மூன்று நான்கைச் சோதியுங்கள், ஒரே கைப்பிடியில் முந்தியதும் பிந்தியதும் இருக்கும். இந்தச் சோதனையில் தேறாத பயறைத் தக்காளிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தக்காளியைச் சந்தித்த பிறகு அது மேற்கொண்டு மெத்தென்று ஆகவே ஆகாது.

வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். சாறுக்குத் தேவைப்படும்.

தக்காளி

2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்து போனாலும் தக்காளியில் இன்னும் ஒரே வீடுதான். இந்தப் பக்கம் பாலக்கோடு, அந்தப் பக்கம் ராயக்கோட்டை. இரண்டு சந்தைகளிலும் விலை ஏறினால் நமக்குக் கசக்கும், இறங்கினால் விளைவித்தவர்கள் பறித்த கூலிகூடத் தேறாமல் கொட்டிவிட்டுப் போவார்கள். விலை விழுந்த வாரத்தில் இரண்டு கிலோ கூடுதலாக வாங்குங்கள். கீழே சொல்லும் சாறைப் பயறு சேர்க்காமல் மட்டும் காய்ச்சி பிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் நிற்கும்.

150 கிராம் பயறுக்கு நன்றாகப் பழுத்த தக்காளி நான்கு. நறுக்க வேண்டாம். குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியில் வைத்துத் தேயுங்கள். சதையெல்லாம் கிண்ணத்தில் விழும், தோல் மட்டும் உள்ளங்கையில் தட்டையாக மிஞ்சும். மிக்ஸி வேண்டாம், தோல் உரிக்க வெந்நீர் வேண்டாம், இரண்டு நிமிட வேலை. மிக்ஸியில் அடித்தால் நுரை சேர்ந்து நிறம் வெளிறிவிடும்.

இனி வாணலி. கடலெண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி. பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பெரிய வெங்காயம் என்றால் ஒன்று. பொன்னிறம் வரும்வரை பொறுமையாக வதக்குங்கள். இந்த இனிப்புத்தான் டின்னில் கொட்டும் சர்க்கரைக்கு ஈடு. நசுக்கிய பூண்டு மூன்று பல், அரை ஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை கடுகுப்பொடி. பொடியின் பச்சை வாசனை போனதும் துருவிய தக்காளியை ஊற்றுங்கள். முதலில் தெறிக்கும், பிறகு குமிழ் விடும், பிறகு சத்தம் மாறும். தண்ணீராகக் கொதிக்கிற சளசளப்பு அடங்கி, கெட்டியான குமிழ் 'பொத்து பொத்து' என்று வெடிக்கத் தொடங்கி, ஓரத்தில் எண்ணெய் பிரியும். ஏழெட்டு நிமிடம் ஆகலாம்.

அப்போது பயறைச் சேர்த்து, வெந்த தண்ணீரில் அரை டம்ளர் ஊற்றி, உப்பும் பாதி நெல்லிக்காய் அளவு வெல்லமும் போடுங்கள். நாட்டுத் தக்காளி என்றால் புளிப்பு தானே வந்துவிடும். ஹைப்ரிட் தக்காளி பார்க்கச் சிவப்பாக இருக்கும், வாயில் சப்பென்று இருக்கும். அதற்கு மட்டும் இரண்டு ஸ்பூன் புளிக்கரைசல். தர்மபுரிக்காரன் புளியை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கடைசியில் ஊற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு கரண்டிப் பயறை வாணலியின் ஓரத்திலேயே மசித்துக் கலந்துவிட்டால் சாறு கெட்டிப்படும். சோள மாவெல்லாம் தேவையில்லை. பதம் பார்க்கக் கரண்டியை வாணலியின் நடுவில் ஒரு கோடாக இழுங்கள். கோடு உடனே மூடினால் இன்னும் கொதிக்கட்டும். மூடாமலே நின்றால் ஒரு மடக்குத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூச்சு நேரம் நின்று மெல்ல மூடினால் இறக்கிவிடுங்கள். மேலே மிளகுத்தூள். கறிவேப்பிலை, சோம்பு, கரம் மசாலா எல்லாம் போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு உணவு. அதற்குச் சப்பாத்திதான் பொருத்தம்.

ரொட்டி

இங்கேதான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். பயறு சாறோடு வருவதால் மெல்லிய ரொட்டி ஒரு நிமிடத்தில் நனைந்து தொங்கிவிடும். பேக்கரியில் முழு ரொட்டியாக வாங்கி, ஒரு விரல் கனத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். பால் ரொட்டியின் இனிப்பு இதற்கு ஒத்துவராது, உப்பு ரொட்டி கேளுங்கள். இன்று சுட்டதைவிட நேற்றைய ரொட்டி மேல். ஈரம் கொஞ்சம் போயிருப்பதால் நன்றாக முறுகும்.

தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, எண்ணெயோ நெய்யோ இல்லாமல் வெறும் ரொட்டியைப் போடுங்கள். முதலிலேயே வெண்ணெய் தடவினால் அதை ரொட்டி உறிஞ்சிக்கொண்டு உள்ளே நொளுநொளுப்பாகிவிடும். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். அவ்வப்போது தோசைத் திருப்பியின் முனையால் மேலே ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வர வேண்டும், மரத்தில் கீறுவது போல. சத்தமில்லாமல் குழிந்தால் இன்னும் நேரம் வேண்டும். இரண்டு பக்கமும் முறுகிய பிறகு, சூடு இருக்கும்போதே நெய்யை ஓரம்வரை தடவுங்கள். அந்த நெய்ப்படலம்தான் சாறு சட்டென்று உள்ளே இறங்காமல் தடுக்கும்.

எடுத்த ரொட்டியைத் தட்டில் படுக்கவைக்காதீர்கள். அடியில் ஆவி தங்கி, அத்தனை நேரம் முறுகவைத்தது வீணாகும். ஒரு டம்ளரில் சாய்த்து நிறுத்துங்கள். ஒரு நிமிடம் காற்றுப்பட்டால் போதும்.

தட்டில்

ரொட்டியை வைத்து, பயறை நடுவில் ஊற்றி, நாலு ஓரமும் கொஞ்சம் வெளியே தெரியும்படி விடுங்கள். அந்த ஓரம் கையில் பிடித்துக் கடிக்க. மேலே பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், கொத்தமல்லித்தழை. நல்ல பசி என்றால் ஒரு முட்டையை ஆஃப்பாயிலாகப் போட்டு மேலே கவிழ்த்துங்கள். மஞ்சள் கரு உடைந்து பயறோடு கலக்கும்போது பரோட்டாக் கடைப் பக்கம் கால் போகாது. என் மனைவி இன்றும் இதை "ரொட்டிச் சுண்டல்" என்றுதான் சொல்கிறாள். ஆனால் இரண்டு துண்டு கேட்டு வாங்குகிறாள்.

களியோடு சேருமா என்று மாப்பிள்ளை கேட்டான். சேர்த்துப் பார்த்தேன், சேரவில்லை. களிக்கு வேண்டியது காரமும் கொழகொழப்பும், இதில் இருப்பது இனிப்பும் புளிப்பும். மிச்சம் இருந்தால் மறுநாள் காலை தோசைக்குள் வைத்து மடியுங்கள், அது பிரமாதம். பிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். பிரிட்ஜ் இல்லாத அறையில் வெளியே வைத்து மறுநாள் சாப்பிடும் எண்ணம் வேண்டாம். பயறு கெட்டால் முதலில் வாசனையில் தெரியாது, வயிற்றில்தான் தெரியும். தேவையான அளவு மட்டும் ஊறவையுங்கள்.

மூன்று பேர் இருக்கும் அறையில் ஒருவர் மட்டும் கடைசியில் உட்கார்ந்தால் அவர் தட்டில் ரொட்டி நனைந்துதான் கிடைக்கும். எல்லாத் துண்டுக்கும் ஒரே நேரத்தில் பயறை ஊற்றாதீர்கள். ஆளுக்கொரு துண்டு மட்டும் பரிமாறிவிட்டு, அடுத்த துண்டுகளைக் கல்லில் போட்டுத் தீயைக் குறைத்துவிட்டு உட்காருங்கள். முதலாவது தீரும்போது அது முறுகியிருக்கும்.